வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் வரவில்லை: லேப்டாப்பில் கோளாறை எங்கே, எப்படித் தேடுவது

வைஃபை கனெக்ட் ஆகிவிட்டது, சிக்னலும் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. இப்படி ஆனதும் பலர் முதலில் கை வைப்பது வைஃபை பாஸ்வேர்டில். அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். பாஸ்வேர்டு தவறாக இருந்தால் இணைப்பே கிடைத்திருக்காது. 'கனெக்டட்' என்று வந்துவிட்டாலே அந்தக் கட்டம் முடிந்தது. கோளாறு அதைத் தாண்டி எங்கோ இருக்கிறது.

உங்கள் லேப்டாப்புக்கும் இணையத்துக்கும் நடுவே இரண்டு தனித்தனி இணைப்புகள் உண்டு. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து இணைப்பு தரும் நிறுவனம் வரை இன்னொன்று. அது ஃபைபர், கேபிள், டெலிபோன் லைன் என எதுவாகவும் இருக்கலாம். திரை மூலையில் தெரியும் சிக்னல் கோடுகள் முதல் இணைப்பின் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. இரண்டாவது அறுந்து கிடந்தாலும் கோடுகள் நிறைந்தேதான் தெரியும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், அறுந்திருப்பது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுங்கள். தெருவிலேயே தண்ணீர் வராதபோது வீட்டுக் குழாயைக் கழற்றிப் பிரித்துப் பயனில்லை.

இன்னொன்று. 'நோ இன்டர்நெட்' என்ற அறிவிப்பை விண்டோஸ் எப்படிப் போடுகிறது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை அது பின்னணியில் எடுத்துப் பார்க்கும். கோப்பு வந்தால் இன்டர்நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஏதாவது விபிஎன்னோ (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்), ஃபயர்வாலோ (போக்குவரத்தை வடிகட்டும் காவல் மென்பொருள்) அந்த ஒரு கோப்பை மட்டும் தடுத்தால், இணையம் நன்றாக ஓடும்போதே அந்த அறிவிப்பு நிற்கும். அதனால் அறிவிப்பை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் திறந்தால், மேற்கொண்டு எதையும் நோண்ட வேண்டாம்.

முதல் சோதனை: இன்னொரு கருவி

கையில் இருக்கும் போனை எடுத்து அதே வைஃபையில் இணையுங்கள். அதற்கு முன் மொபைல் டேட்டாவைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். போனில் எல்லாம் ஓடுகிறதே என்று நினைத்து லேப்டாப்பைப் பிரித்து மேய்வீர்கள். உண்மையில் போயிருப்பது ரவுட்டராக இருக்கும். இந்தச் சோதனையில் ஏமாறுபவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

புதிதாக ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் என்றால் நினைவகத்திலிருந்தே வந்துவிடக்கூடும். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் அடுத்த பகுதியை விட்டுவிட்டு நேராக லேப்டாப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால்

ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பானால் 'பான்' (பி, ஓ, என்) என்று எழுதிய விளக்கு அசையாமல் எரிய வேண்டும். 'லாஸ்' (எல், ஓ, எஸ்) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி சிக்னல் வரவில்லை என்று பொருள்: வெளியே ஃபைபர் அறுந்திருக்கும், அல்லது உங்கள் மேசைக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினாலே ஒளி கசிந்துவிடும். வயரை மெல்ல நேராக்கி, செருகி நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடுங்கிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். சிவப்பு அணையவில்லையென்றால் உங்களால் ஆகக்கூடியது முடிந்தது, நிறுவனத்தை அழையுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மோடமும் (நிறுவனத்தின் லைன் வந்து சேரும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகள் என்றால் இரண்டையும் அணையுங்கள். 30 விநாடி பொறுத்து முதலில் மோடத்தைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். மோடம் தயாராகும் முன்பே ரவுட்டர் எழுந்துவிட்டால் சில சமயம் முகவரி கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும். போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள்.

ரவுட்டரின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும், பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருக்கும். அதைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் ரவுட்டர் கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போவதோடு, பல இணைப்புகளில் ரவுட்டர் நிறுவனத்திடம் உள்நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துவிடும். அவை உங்களிடம் எழுதி இல்லாவிட்டால், பத்து நிமிடத்தில் சரியாகியிருக்கக்கூடிய கோளாறு, ஆள் வந்து சரிசெய்யும் வரை நீண்டுவிடும்.

சந்தா முடிந்துவிட்டதா, மாத டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். அப்போதும் வைஃபை வழக்கம்போல இணையும், இன்டர்நெட் மட்டும் இருக்காது. போன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதைதான்: ஹாட்ஸ்பாட் ஆனாக இருக்கும், மொபைல் டேட்டா ஆஃபாக இருக்கும்.

வைஃபை எக்ஸ்டெண்டர் (ரவுட்டரின் வைஃபையை வாங்கித் தூரத்து அறைகளுக்கு நீட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே தொடர்பு விட்டுப்போனாலும், எக்ஸ்டெண்டர் தன் வைஃபையை ஒலிபரப்பிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்திலேயே இருப்பதால் லேப்டாப்பும் அதையே பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பை ரவுட்டர் அருகே கொண்டுபோய், ரவுட்டரின் சொந்த வைஃபையில் இணைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால்

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது விண்டோஸ் 10, 11-இல் அதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் (வைஃபை கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்படும். அடுத்த முறை அதே நிலை திரும்ப ஏறும். சிக்கிக்கொண்ட வைஃபை டிரைவரும் சிக்கியபடியே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், ஒரு நிமிடத்தில் பார்த்து முடிக்கக்கூடிய மூன்று விஷயங்கள்.

விபிஎன்: லேப்டாப்பில் விபிஎன் இருந்தால் துண்டியுங்கள். துண்டித்தும் வரவில்லை என்றால் அந்தச் செயலியில் 'கில் ஸ்விட்ச்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் அறுந்தால் மற்ற எல்லாப் போக்குவரத்தையும் தடுப்பதுதான் அதன் வேலை.

பிராக்ஸி: பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர் சர்வர் இது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி என்று போங்கள். 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' ஆஃபில் இருக்க வேண்டும். அங்கே 127.0.0.1 என்ற முகவரி இருந்தால், உங்கள் லேப்டாப்பிலேயே ஓடிய ஏதோ ஒரு மென்பொருள் தன் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும் என்று மாற்றிவிட்டிருக்கிறது. அந்த மென்பொருள் இப்போது ஓடாததால் பிரவுசர் சுவரில் முட்டி நிற்கிறது. நீங்கள் தெரிந்து வைத்த மாற்றம் இல்லையென்றால் வைரஸ் சோதனையும் செய்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பாக இருந்தால் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

தேதியும் நேரமும்: லேப்டாப் தேதி சில ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். 'கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று எல்லாத் தளத்திலும் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போட்டதும் தேதி பின்வாங்கினால், மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு பிரவுசரில் மட்டும் வராமல் இன்னொன்றில் வந்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். அந்தப் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களை அணைத்துப் பாருங்கள்.

நான்கு வரியில் கோளாறைப் பிடிப்பது

இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டைத் திறக்க வேண்டும். பயப்பட வேண்டாம், இங்கே தட்டப்போகும் நான்கு கட்டளைகளும் பார்ப்பதற்கு மட்டும்தான், எதையும் மாற்றாது. விண்டோஸ் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள்.

முதல் கட்டளை ஐபிகான்ஃபிக்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகள். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். நிறைய வரிகள் ஓடும். 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று சொல்பவற்றை விட்டுவிடுங்கள். 'வயர்லெஸ் லேன் அடாப்டர் வைஃபை' என்ற தலைப்பின் கீழே இரண்டு வரிகள் போதும்: 'ஐபிவி4 அட்ரஸ்', 'டிஃபால்ட் கேட்வே'. முன்னது லேப்டாப்பின் முகவரி, பின்னது ரவுட்டரின் முகவரி.

முகவரி 169.254 என்று தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், விண்டோஸ் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்வே வரியும் காலியாகவே இருக்கும். முகவரி வழங்கும் டிஎச்சிபி ரவுட்டரில் முடங்கியிருக்கலாம், அல்லது கொடுக்க வைத்திருந்த முகவரிகள் தீர்ந்திருக்கலாம். நிறைய கருவிகள் வந்துபோகும் இடத்தில் இது சகஜம். ரவுட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். போதவில்லையென்றால் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு ஒட்டி ரிலீஸ் என்று தட்டுங்கள். பிறகு அதே முறையில் ரெனியூ. பழைய முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கேட்க வைக்கும் கட்டளைகள் இவை.

முகவரி வேறு மாதிரி இருந்தால், அதன் முற்பகுதியும் வீட்டு ரவுட்டருடைய முகவரியின் முற்பகுதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்து, லேப்டாப்பில் 10.0.0.25 என்று இருந்தால், வேறு இடத்துக்காக யாரோ கையால் போட்ட முகவரி அப்படியே நிற்கிறது. செட்டிங்ஸில் வைஃபை பெயரின் பிராப்பர்ட்டீஸுக்குள் 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

இரண்டாவது கட்டளை பிங்: பி, ஐ, என், ஜி என்ற நான்கு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு கேட்வே முகவரி. விண்டோஸ் நான்கு முறை கேட்டுவிட்டுத் தானாக நிற்கும். நான்குக்கும் 'ரிப்ளை' வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி விநாடி என்பதையும் பாருங்கள். பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டர் பொதுவாக ஒற்றை இலக்கத்தில் பதில் தரும். நூற்றுக்கணக்கில் போனாலோ, நான்கில் ஒன்றிரண்டு தொலைந்தாலோ, கோடுகள் நிறைய இருந்தாலும் காற்றில் இடைஞ்சல் இருக்கிறது. ரவுட்டர் அருகே போய்ப் பாருங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்கு மாறுங்கள்.

மூன்றாவது: பிங், இடைவெளி, 8.8.8.8. இது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர். இதிலிருந்து பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை திறந்தே இருக்கிறது. ரவுட்டர் பதில் தந்து இது மட்டும் தரவில்லை, ஆனால் போனில் இன்டர்நெட் வருகிறது என்றால், ரவுட்டர் உங்கள் லேப்டாப்பை மட்டும் தடுத்து வைத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் பேரன்டல் கன்ட்ரோல், மேக் ஃபில்டர் (கருவியின் வன்பொருள் எண்ணைப் பார்த்து அனுமதிப்பது) என்ற பகுதிகளைப் பாருங்கள். லேப்டாப்பில் உள்ள ஆன்டிவைரஸின் ஃபயர்வாலையும் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். அலுவலகம், கல்லூரி நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே பதில் வராததை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: பிங், இடைவெளி, தெரிந்த ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ். தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் பதில் சொல்லவில்லை. பாதை இருக்கிறது, முகவரி கேட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆப்பிளின் மேக் லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து இதே பிங்கைத் தட்டலாம். அங்கே அது தானாக நிற்காது, கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும். முகவரியைப் பார்க்க சிஸ்டம் செட்டிங்ஸ், வைஃபை, டீடெய்ல்ஸ், டிசிபி ஐபி என்று போனால் போதும். புது முகவரி கேட்கும் 'ரெனியூ டிஎச்சிபி லீஸ்' பட்டனும் அங்கேயே இருக்கிறது.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்வது

லேப்டாப்பில் மட்டும் டிஎன்எஸ் போவதற்கு வழக்கமான காரணம், யாரோ எப்போதோ கையால் போட்டு வைத்த டிஎன்எஸ் முகவரி. அலுவலகத்தின் உள் சர்வருடைய முகவரி லேப்டாப்பில் பதிந்திருந்தால், அலுவலகத்தில் எல்லாம் ஓடும், வீட்டுக்கு வந்ததும் எதுவும் திறக்காது. அதனால் புது முகவரி போடுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

ஆட்டோமேட்டிக்கிலும் வரவில்லையென்றால் பொது டிஎன்எஸ் போடலாம். விண்டோஸ் 11-இல் வைஃபை பிராப்பர்ட்டீஸில் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' பக்கத்தில் எடிட், பிறகு மேனுவல், பிறகு ஐபிவி4 ஆன். முதல் கட்டத்தில் 8.8.8.8, மாற்றுக் கட்டத்தில் 8.8.4.4. கிளவுட்ஃபிளேர் வேண்டுமானால் 1.1.1.1, 1.0.0.1. சேவ் கொடுங்கள்.

விண்டோஸ் 10-இன் செட்டிங்ஸ் பக்கத்தில் மேனுவல் என்று மாற்றினால் லேப்டாப்பின் ஐபி முகவரியையும் சேர்த்துக் கேட்கும், அங்கே தவறான எண்ணைப் போட்டு உள்ள இணைப்பையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்குப் பழைய கன்ட்ரோல் பேனலே பாதுகாப்பு. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பட்டியலில் வைஃபையை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4'. கீழ்ப் பாதியில் உள்ள டிஎன்எஸ் கட்டங்களை மட்டும் நிரப்புங்கள், மேல் பாதி தானியங்கியாகவே இருக்கட்டும்.

மாற்றிய பிறகு ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று தட்டினால் பழைய பதில்கள் அழியும்.

வெளியிடங்களின் வைஃபை

ஓட்டல், விமான நிலையம் போன்ற இடங்களில் பாஸ்வேர்டு இல்லாமல் இணைந்தாலும், ஓர் உள்நுழைவுப் பக்கம் வந்து அதில் ஒப்புதல் தந்த பிறகே இன்டர்நெட் திறக்கும். அந்தப் பக்கம் தானாக வராவிட்டால் வெறும் 'நோ இன்டர்நெட்' என்றே தெரியும். பிரவுசரில் கேட்வே முகவரியைத் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் வந்துவிடும். முன்பு போட்டு வைத்த பொது டிஎன்எஸ்ஸும் விபிஎன்னும் இந்தப் பக்கத்தை வரவிடாமல் செய்யலாம். இரண்டையும் நிறுத்தி, உள்ளே நுழைந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வழிகள்

விபிஎன்னையோ ஆன்டிவைரஸையோ நீக்கிய பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், அது விண்டோஸின் நெட்வொர்க்கில் செருகி வைத்த தன் பகுதியை முழுதாகக் கழற்றாமல் போயிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ் (என், இ, டி, எஸ், எச்), வின்சாக் (டபிள்யூ, ஐ, என், எஸ், ஓ, சி, கே), ரீசெட் என்ற மூன்று சொற்களையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் தட்டி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. நெட்வொர்க் அடாப்டர்கள் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் மென்பொருளை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். வைஃபை பாஸ்வேர்டு கையில் இல்லாமல் இதை அழுத்தாதீர்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்பும்போதெல்லாம் இன்டர்நெட் போய், ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்றால் அது டிரைவர் அல்லது மின்சேமிப்பு சம்பந்தப்பட்டது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸின் கீழ் வைஃபை கார்டைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' இருந்தால், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் பக்கத்திலுள்ள 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பாருங்கள். அன்இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால், டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். போட்டால், மறுபடி இறக்க இன்டர்நெட் வேண்டும், அதுதானே இல்லை.

டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். வைஃபை கார்டின் உதவியே இல்லாமல் லேப்டாப்புக்கு இன்டர்நெட் கிடைக்கும். அதில் வந்தும் வைஃபையில் மட்டும் வரவில்லை, புது டிரைவர் போட்டும் மாறவில்லை, மற்ற ரவுட்டர்களிலும் இதே நிலைதான் என்றால், கார்டே பழுதாகியிருக்கும். ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகிப் பாருங்கள். அதில் ஓடினால் உள்ளே இருக்கும் கார்டை மாற்றக் கொடுத்துவிடலாம்.